சம்சாத் காப்பிக்குப் புதுப் போர்டு

— நானா, முதல்ல ஏணியிலிருந்து கீழ இறங்குங்க. இறங்கிட்டு எனக்குப் பதில் சொல்லுங்க.

— இரு லா ஆப்ரின், அண்ணன் கடைசி ஸ்குரூ முடுக்குறேன். நீ தள்ளி நின்னு பாத்துச் சொல்லு, நேரா இருக்கா?

— போர்டு நேராத்தான் இருக்கு. நீங்கதான் கோணலாப் போறீங்க. யாரைக் கேட்டு உம்மா பேரைக் கழட்டினீங்க?

— கழட்டலம்மா, மாத்தினேன். இங்கேருந்து பாரு. பச்சையில தங்க எழுத்து. ‘தால்போர்கோ, இத்தாலி.’ அடியில சின்னதா நம்ம ஊரு, ‘கெலாங் பாத்தா.’ எதுத்தாப்புல நாசி லெமாக் கடைக்காரன் வாயைப் பொளந்துட்டு நிக்கிறான். சொல்லு, சும்மா பவரா இருக்கா இல்லையா?

— அவனுக்குப் பேரை வாசிக்கத் தெரியல. அதுக்குத்தான் வாயைப் பொளக்குறான். நானா, அக்பர் நானா, உங்களைத்தான்! தால்போர்கோ காப்பிக் கம்பெனி லிவியா வர்ற வரைக்கும் எதுலயும் கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? அவங்களே மெயில்ல எழுதியிருந்தாங்களே, ‘நேர்ல வந்து ஒரு விஷயம் சொல்லணும், அதுவரைக்கும் எந்த முடிவும் எடுக்காதீங்க’ன்னு.

— அதான் எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சே! பொண்ணு பாத்துட்டுப் போனவங்க ‘நேர்ல வந்து ஒரு விஷயம் பேசணும்’னு சொன்னா என்ன அர்த்தம்? கல்யாணம்தான். இத்தாலியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து வந்து, செகண்ட் லிங்க் பாலத்து ஜாம்ல உக்காந்து, ‘எங்க காப்பி உங்களுக்குக் கிடையாது’ன்னு சொல்லிட்டுப் போகவா ஒரு பொம்பள வருவாங்க? யோசிச்சுப் பாரு லா.

— யோசிச்சுத்தான் பயமா இருக்கு. அவங்க என்ன சொல்லப் போறாங்கன்னு எனக்கே தெரியாது.

— நீ பயப்படு, நான் பந்தல் போடுறேன். எல்லாம் சியாப், ரெடி. பிரியாணிக்கு அடுப்புப் பத்த வச்சாச்சு. ஸ்கூடாய்ல இருந்து பூ ஸ்டாண்டு வந்துடுச்சு. வைபி பன்னெண்டு மணிக்கு வர்றாரு, ரிப்பன் வெட்ட.

— வைபியா? சட்டமன்றத்துக்காரரையா கூப்பிட்டீங்க?

— கூப்பிடல. பள்ளிவாசல்ல பாத்தேன். பேச்சுவாக்குல சொன்னேன். அவரே வர்றேன்னுட்டாரு.

— நானா, நம்ம கையில ஒரு பேப்பர் கூட இல்ல. அவங்க நமக்கு எதையும் தர்றதாச் சொல்லல. நான் அவங்களுக்கு அனுப்பினது காப்பிக்கொட்டை. ஜெயபாலன் அண்ணன் தோட்டத்து லிபேரிக்கா, லாபிஸ்ல விளைஞ்சது. மோந்து பாத்தா பலாச்சுளை வாசம் வருமே, அதுல ஒரு சின்னப் பொட்டலம். அவங்க வாசம் பிடிச்சுட்டு, வந்து பாக்குறேன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் நடந்தது.

— நீ கொட்டையை அனுப்புற, நான் கடையை ரெடி பண்றேன். குடும்ப வியாபாரம்னா அப்படித்தான் இருக்கும். சொன்னா நம்பணும்.

— சரி, நம்புறேன். அந்தக் கம்பெனியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க?

— பச்சை டின்னு. சிங்கப்பூர்ல ஒரு குட்டிக் கப்பு பத்து வெள்ளி. குடிச்சா ரெண்டே வாய். வேற என்ன தெரியணும்?

— அந்தப் பச்சை டின்னு ஓடுற கடையிலதான் நான் நாலு வருஷம் காப்பி போட்டேன். லிவியா வந்து எங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. கேளுங்க. திரியெஸ்தேன்னு ஒரு துறைமுக ஊரு. அங்க கப்பல்லேருந்து காப்பி மூட்டை இறக்குற கூலியாளு எத்தோரே. லிவியாவோட தாத்தா. மூட்டை தூக்கித் தூக்கி, கோணியைத் தட்டினாலே எந்த நாட்டுக் கொட்டைன்னு சொல்லிடுவாராம். சின்னதா மளிகைக் கடை வச்சிருந்த ஒருத்தர் தன் மகளை அவருக்குக் கட்டிக் குடுத்து, வீட்டோட வச்சுக்கிட்டாரு. தால்போர்கோங்கிறது அந்த மாமனார் குடும்பப் பேரு, கடைக்கும் அதே பேரு. எத்தோரேவும் அதையே தன் பேரா வச்சுக்கிட்டாரு.

— வீட்டோட மாப்பிள்ளையா? பாவம் மனுஷன். எல்லா ஊர்லயும் எங்க கஷ்டம் ஒண்ணுதான்.

— உங்களுக்கு என்ன கஷ்டம்? ஸ்கூடாய்ல மாமியார் வீட்டுல ஏர்கான் ரூம்ல தூங்குறீங்க. காலையில மச்சி, உங்க வீட்டம்மா, முட்டை ரொட்டி சுட்டுத் தர்றாங்க.

— முட்டை ரொட்டியைச் சொல்லுவ. மாமனாரு டிவி ரிமோட்டைத் தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குறதைச் சொல்ல மாட்ட. சரி, எத்தோரே கதையை முடி.

— அந்த வீட்டு அடுப்படியிலதான் முதல் முதல்ல வறுத்தாங்க. அப்புறம் ஒரு டிரம் மிஷின் வாங்கினாங்க. மகன் காலத்துல பச்சை டின்னு வந்துச்சு. இப்போ பேரப்பிள்ளைங்க மூணு பேரு. அண்ணன்மாருங்க ரெண்டு பேரு கணக்கும் கப்பலும் பாக்குறாங்க. லிவியா வாசம் பாக்குறாங்க. அந்தக் கம்பெனிக்கு மூக்கும் நாக்கும் அவங்கதான். ஒரு கொட்டை உள்ள வரணும்னா அவங்க தலையை ஆட்டணும்.

— அதான் நானும் சொல்றேன்! மூக்கே நேர்ல வருது. சும்மா வருமா?

— உள்ள என்ன இவ்வளவு சுத்தமா இருக்கு? சீனி மூட்டை எல்லாம் எங்க? மார்ஜரின் டின்னு எங்க?

— அனுப்பிட்டேன்.

— எங்க அனுப்பிட்டீங்க?

— ஜெயபாலன் அண்ணன் வேன்லதான், நேத்து. லாபிஸ்ல அவரு வீட்டுக் கொட்டகையில கிடக்கட்டும். இத்தாலிக்காரங்க வர்ற நேரத்துல நம்ம சீனியும் மார்ஜரினும் போட்டுக் கொட்டையை வறுக்குறோம்னு தெரிஞ்சா மானம் போகும். மேல் மாடி ரூம் பூரா மூட்டையா கிடந்துச்சா, இப்போ துடைச்சு விட்ட மாதிரி காலி. அதுதான் இனி என் ஆபீஸ். ஜன்னல் பக்கம் மேசை, மேசை மேல பச்சை டின்னு.

— சீனி இல்லாம நாளைக்கு எப்படி வறுக்குறது? பத்துக் கடைக்குத் தூள் போகணும்.

— நாளைக்கு வறுக்க வேண்டாம்.

— என்ன நானா சொல்றீங்க?

— வறுக்கிறதே இனி வேண்டாம், ஆப்ரின். டின்னு இத்தாலியிலிருந்து வரும். நாம உடைச்சு ஊத்துறோம், அவ்வளவுதான். புகை இல்ல, கரி இல்ல, உன் தலைமுடியில வாசம் இல்ல. கூலாய்லேருந்து ஒருத்தன் சாயங்காலம் லோரி எடுத்துட்டு வர்றான், நம்ம வறுக்குற டிரம்மைத் தூக்கிட்டுப் போக.

— என் டிரம்மையா?

— நம்ம டிரம்மை.

— நீங்க அதைத் தொட்டுக்கூடப் பாத்தது இல்ல! கொட்டை வெடிக்கிற சத்தம் கேட்டா வெளிய ஓடுற ஆளு நீங்க. வாப்பா போனதுக்கு அப்புறம் அது முன்னாடி நின்னது யாரு? சிங்கப்பூர் வேலையை விட்டுட்டு எதுக்கு வந்தேன், டின்னை உடைக்கவா?

— கோவப்படாத. நீதான் மேனேஜர். பச்சை ஏப்ரன் தச்சு வச்சிருக்கேன் உனக்கு. பேரு கூடப் போட்டாச்சு.

— எனக்கு ஏப்ரன் வேண்டாம். நான் ஒத்துக்க மாட்டேன்.

— ஒத்துக்கலைன்னா? நானும் தம்பி ஆரிஃபும் சரின்னு சொல்லியாச்சு. ஆரிஃப் கேஎல்லேருந்து போன்ல சொன்னான், ‘நானா நீங்க பாத்துச் செய்யுங்க’ன்னு. மூணு பங்கு. ரெண்டுக்கு ஒண்ணு. நான் அதைச் சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன், நீதான் சொல்ல வைக்கிற.

— என்ன மவனே ரெண்டுக்கு ஒண்ணு? தெருவே கேக்குது உங்க சத்தம். மாடிப்படி இறங்குறதுக்குள்ள பாதிச் சண்டை எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.

— உம்மா! நீங்க எதுக்கு இறங்கி வந்தீங்க? வெயில் அடிக்குது, உள்ள உக்காருங்க. மேல எல்லாம் பாக்காதீங்க, கண்ணு கூசும்.

— பாக்காதன்னு சொன்னா பாக்காம இருக்க நான் என்ன கண்ணு கட்டின குதிரையா? தள்ளு. ம்... பச்சை. நல்ல பச்சை. என் பேரு எங்க?

— பத்திரமா இருக்கு உம்மா.

— எங்க பத்திரமா இருக்கு?

— அது வந்து... பின்னால, பிரியாணி போடுற இடத்துல. தரை மேடும் பள்ளமுமா இருக்குன்னு, அண்டா ஆடக் கூடாதுன்னு...

— நானா! உம்மா பேரு மேல அண்டாவை வச்சிருக்கீங்களா?

— குப்புறத்தான் போட்டிருக்கேன் லா! எழுத்து கீழதான் இருக்கு!

— விடு புள்ள. பேரு மேல சோத்துப் பானைதானே. ரெண்டு பருக்கையாவது விழும். ஏன் மவனே, வியர்த்து ஊத்துது? உக்காரு. நான் உன்னைக் கடிக்க மாட்டேன், பல்லு வலி.

— உம்மா, நீங்களாவது நானாகிட்ட சொல்லுங்க. டிரம்மை விக்கிறாராம்!

— கேட்டுச்சு. அக்பரு, ஒண்ணு கேக்குறேன். இந்தக் கடைக்கு என் பேரை யாரு வச்சா?

— வாப்பா வச்சாங்க.

— ஏன் வச்சாங்க?

— உங்க மேல ஆசையில வச்சாங்க.

— ஆசையும் இல்ல, தோசையும் இல்ல. எங்க வாப்பா நாகூர்லேருந்து கப்பல் ஏறி இந்த மண்ணுக்கு வந்தும் ஊர் வழக்கத்தை விடல. பொண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வரணும். அந்தக் கணக்குல இந்தக் கட்டடத்தை எனக்குக் குடுத்தாங்க, மாப்பிள்ள ருக்னுதீனை இங்க கூட்டிட்டு வந்தாங்க. உங்க வாப்பா ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையுமா வந்து நின்னாரு. காப்பி வறுக்க ஆரம்பிச்சதும், ‘வீடு உன்னோடது, சுவர் உன்னோடது, வந்து தங்கினவன் என் பேரை எழுதினா நல்லாவா இருக்கும்’னு சொல்லி, என் பேரை எழுதி மாட்டினாரு. எனக்கு வெக்கம். ஒரு மாசம் முன்வாசல் பக்கமே வரல நான்.

— உம்மா, அந்தக் காலம் வேற. இப்போ பேரைப் பாத்துத்தான் ஜனம் வருது. சொல்லுங்க, உண்டா இல்லையா? பிள்ளைங்க எல்லாம் போட்டோ எடுக்க வருதுங்க. சம்சாத் காப்பின்னு போட்டோ போடுவாங்களா, தால்போர்கோன்னு போடுவாங்களா? நான் உங்களைக் குறைச்சுச் சொல்லல. நீங்களும் பங்கை எங்க மூணு பேருக்கும் எழுதிக் குடுத்துட்டீங்க.

— ஆமா. பங்கை எழுதிக் குடுத்தேன். பேரை எழுதிக் குடுக்கல.

— பாத்தீங்களா நானா?

— நீ சும்மா இரு ஆப்ரின். உம்மா, அதுக்கு என்ன அர்த்தம்?

— அர்த்தம் பிறகு பாக்கலாம். உன் போன் அடிக்குது, எடு.

— ஜெயபாலன் அண்ணன்! ஹலோ, அண்ணே, லிவியாவை ஏத்திக்கிட்டு எங்க இருக்கீங்க? லிங்க் தாண்டியாச்சா? பாகூஸ், பாகூஸ்! என்னது? வேனை நிறுத்தச் சொன்னாங்களா? ஏன், வாந்தியா? கோணியா? எந்தக் கோணி? அலமாக்... சரி, சரி, மெல்ல வாங்க.

— என்னவாம்?

— பின் சீட்டுல லிபேரிக்கா மூட்டை ஒண்ணு இருந்துச்சாம். ரோட்டோரமா வேனை நிறுத்தச் சொல்லி, கோணி வாயைப் பிரிச்சு, மூட்டைக்குள்ள தலையை விட்டுட்டாங்களாம். இன்னும் வெளிய எடுக்கலையாம். அண்ணன் கேக்குறாரு, ‘தம்பி, நான் என்ன பண்ணட்டும்?’னு.

— ஒண்ணும் பண்ண வேண்டாம். விட்டுடுங்கன்னு சொல்லுங்க. பிடிச்சிருக்குன்னு அர்த்தம்!

— தலையை விட்டாளா? மாடு தவிட்டுக்குள்ள விடுற மாதிரியா? எனக்கு இப்பவே அவளைப் பிடிச்சிருக்கு. ஆப்ரினு, தண்ணியை அடுப்புல வை.

— உம்மா, கீழ காப்பி எதுவும் கலக்காதீங்க. நான் மினரல் வாட்டர் வாங்கி வச்சிருக்கேன். நம்ம கருப்புக் காப்பியை அவங்ககிட்ட நீட்டினா என் மூஞ்சியை எங்க வைப்பேன்?

— வீட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணி குடுத்து அனுப்புறது நம்ம வழக்கம் இல்ல. நீ மார்ஜரின் டின்னைத்தான் அனுப்பின. தூளு ஒரு டப்பா என் துணிப் பெட்டியில இருக்கு.

— ஒளிச்சு வச்சீங்களா?

— உன்னைப் பெத்தவடா நான்.

— வேன் வந்துடுச்சு! உம்மா, முக்காடு. ஆப்ரின், அந்த மாலையை எடு. இல்ல, வேண்டாம், நானே போடுறேன். இல்ல இல்ல, நீ போடு, பொம்பளைக்குப் பொம்பள போட்டாத்தான் நல்லா இருக்கும். சிரி! சிரி லா!

— வந்து நிக்குறதைப் பாரு. இவ்வளவு உயரமா? தலை பூரா கோணிச் சணலு ஒட்டியிருக்கு. வாங்கம்மா, வாங்க, உள்ள வாங்க. என்ன, வாசல்லயே நின்னுட்டா?

— போர்டைப் பாக்குறாங்க உம்மா! நான் சொன்னேன்ல? சொன்னா நம்பணும். பாருங்க, பாருங்க, மூஞ்சி எப்படி மாறுதுன்னு.

— நானா... அவங்க அழுறாங்க.

— சந்தோஷம் லா! தன் குடும்பப் பேரை எங்கேயோ கடல் தாண்டி கெலாங் பாத்தாவுல பாத்தா யாருக்குத்தான் கண்ணுல தண்ணி வராது? போட்டோ எடு, சீக்கிரம், கண்ணைத் துடைக்கிறதுக்கு முன்னாடி!

— போனைக் கீழ இறக்கு, அக்பரு. சந்தோஷத்துல அழுறவ வாயை இப்படிப் பொத்திக்க மாட்டா. ஆப்ரினு, கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வா. அந்த மேசையில வேண்டாம், விசிறி அடிக்கிற இடத்துல. ம், அப்படி. இந்தா, இதைக் குடிக்கச் சொல்லு.

— உம்மா, கருப்புக் காப்பி... போச்சு. எல்லாம் போச்சு. குடிக்கிறாங்க.

— அல்லாவே, என்ன சத்தம் இது? இப்படி உறிஞ்சுறா! உங்க வாப்பாவைவிட மோசம்.

— அவங்க தொழில் அது, உம்மா. சர்ருன்னு உறிஞ்சி, வாய்க்குள்ள சுத்த விட்டு, துப்பிடுவாங்க. ஒரு நாளைக்கு எத்தனையோ கப்பு பாக்குறவங்க, எல்லாத்தையும் முழுங்கினா உடம்பு தாங்காது. தப்பா நினைச்சுக்காதீங்க, இப்போ துப்புவாங்க.

— துப்பட்டும், நான் ஒண்ணும் நினைக்கல. கிண்ணம் எடுத்துட்டு வா.

— எங்க துப்புறாங்க? முழுங்கிட்டாங்களே!

— நானா, இதை நல்லாப் பாத்துக்குங்க. நாலு வருஷத்துல இவங்க முழுங்கி நான் பாத்ததே இல்ல. சிங்கப்பூர்ல எங்க கடைக் காப்பியை, அவங்க சொந்தக் காப்பியையே துப்புவாங்க.

— இன்னொண்ணு குடு புள்ள. கையை நீட்டுறா பாரு.

— சரி, சரி, குடிக்கட்டும். ஆப்ரின், உன் இங்கிலீஷ்ல நைசாக் கேளு. அக்ரிமெண்ட் எப்போ போடலாம், முதல் கண்டெய்னர் எப்போ வரும்? வைபி வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை தெரிஞ்சா நான் மைக்ல அறிவிச்சிடுவேன்.

— இருங்க, அவங்களே பேசுறாங்க. குறுக்க பேசாதீங்க.

— என்ன சொல்றாங்க? ஏன் உன் மூஞ்சி இப்படி ஆகுது?

— நானா, வைபிக்கு போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லுங்க.

— என்ன விளையாடுறியா?

— அந்தப் போர்டைப் பத்திதான் சொல்றாங்க. ‘அதை இன்னிக்கே இறக்கிடுங்க, இல்லைன்னா வக்கீல் நோட்டீஸ் வரும்’னு சொல்றாங்க.

— நமக்கு நோட்டீஸ் விடவா இத்தாலியிலிருந்து வந்தாங்க?

— அவங்க இல்ல. வாங்கினவங்க. நானா, கம்பெனியை வித்துட்டாங்க.

— யாரு வித்தா?

— அண்ணன்மாருங்க. பெரிய கம்பெனி ஒண்ணு வந்து கேட்டுச்சாம். அடுத்த வாரம்தான் பேப்பர்ல வரும், அதுவரைக்கும் எழுத்துல எதுவும் சொல்லக் கூடாது, அதான் நேர்ல வந்திருக்காங்க. கட்டடம், மிஷின், பச்சை டின்னு, எல்லாத்தோடவும் பேரையும் சேத்து வித்தாச்சு. இனிமே தால்போர்கோன்னு அவங்க பாஸ்போர்ட்ல எழுதலாம், காப்பி டின்னுல எழுத முடியாது. இவங்க வேண்டாம், வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அண்ணன்மாருங்க கேக்கல. ஓட்டு எடுத்தாங்களாம்.

— ஓட்டா?

— ரெண்டுக்கு ஒண்ணு.

— பேசு மவனே. இவ்வளவு நேரம் நீதானே பேசின.

— நான் என்ன உம்மா பேசுறது? பின்னால அண்டா கொதிக்குது. வாசல்ல பூ ஸ்டாண்டு நிக்குது. இவங்க மூஞ்சியை என்னால பாக்க முடியல. நான் மாட்டின போர்டைப் பாத்துத்தானே அழுதாங்க? என்னைத் திட்டினாங்களா, ஆப்ரின்?

— இல்ல. ‘உங்க அண்ணன் எழுத்தை நல்லா எழுதியிருக்காரு, எங்க ஊர்லகூட இவ்வளவு பளபளப்பா இல்ல’ன்னு சொல்றாங்க.

— அது போதும், நான் செத்தேன்.

— சாகுறதுக்கு முன்னாடி கூலாய்க்காரனுக்கு போன் போடுங்க. டிரம் விக்கிறதுக்கு இல்லன்னு.

— போடுறேன், போடுறேன். நானே போடுறேன். ஆனா ஒண்ணு புரியல லா. பேரே இல்லாதவங்க, தர்றதுக்கு ஒண்ணும் இல்லாதவங்க, எதுக்கு இவ்வளவு தூரம் வந்தாங்க?

— அதைத்தான் கேட்டேன். உம்மாகிட்ட ஒண்ணு கேக்கணுமாம். நானாகிட்ட இல்ல, என்கிட்ட இல்ல. சம்சாத் யாரோ, அவங்ககிட்ட.

— என் பேரு இவளுக்கு எப்படித் தெரியும்? போர்டுதான் அண்டாவுக்கு அடியில கிடக்குதே.

— நான் அனுப்பின பொட்டலத்துல நம்ம பழைய ஸ்டிக்கர் இருந்துச்சு, உம்மா. அப்போ நான் கதையைச் சொன்னேன். வாப்பா ஏன் உங்க பேரை வச்சாங்கன்னு.

— சரி. என்ன கேக்கணுமாம்? வெக்கப்படாம கேக்கச் சொல்லு.

— அவங்க தாத்தா வாங்கின முதல் டிரம் இன்னும் ஓடுதாம். இப்போ கம்பெனியை வாங்கினவங்களுக்கு அது பழைய இரும்பு, அதனால இவங்களுக்கே விட்டுட்டாங்க. அதுல புதுசா வறுக்க ஆரம்பிக்கப் போறாங்களாம். ஜெயபாலன் அண்ணன் லிபேரிக்காவை வச்சு. கொட்டை இருக்கு, டிரம் இருக்கு, மூக்கு இருக்கு. டின்னு மேல எழுதத்தான் ஒண்ணும் இல்ல.

— அதுக்கு?

— உங்க பேரைப் போட்டுக்கலாமான்னு கேக்குறாங்க. ‘சம்சாத்’னு. திரியெஸ்தேல.

— அலமாக்! என் உம்மா பேரா? இத்தாலியிலயா?

— நானா, கத்தாதீங்க. உம்மா, என்ன பாக்குறீங்க? பதில் சொல்லுங்க.

— முடியாதுன்னு சொல்லு.

— உம்மா!

— உம்மா, நான் அழுதுடுவேன். காலையிலிருந்து நான் பண்ணின எல்லாத்துக்கும் சேத்து என்னை அடிங்க. அந்தப் பொம்பளைக்கு இல்லன்னு சொல்லாதீங்க. ஏற்கனவே ரெண்டு அண்ணன்மாருங்க கையால அடி வாங்கிட்டு வந்திருக்காங்க.

— முழுசாக் கேளுங்க ரெண்டு பேரும். அக்பரு, காலையில நீ என்ன சொன்ன? பொண்ணு கேட்டு வர்ற மாதிரி வர்றாங்கன்னுதானே? சரியாத்தான் சொல்லியிருக்க. பேரைக் குடுக்குறதும் பொண்ணைக் குடுக்குறதும் ஒண்ணுதான். எங்க பக்கத்துல பொண்ணை வெளியூருக்கு அனுப்புற வழக்கம் கிடையாது. என் பேரு தனியாக் கப்பல் ஏறி, தெரியாத ஊர்ல, யாரோ வறுக்குற காப்பி மேல போய் உக்காராது. இவளுக்குப் பேரு வேணும்னா, அந்த டிரம்மைத் தூக்கிட்டு இங்க வரட்டும். நம்ம டிரம் பக்கத்துல இவ டிரம் நிக்கட்டும். ஆப்ரினு சீனி போட்டு வறுக்கட்டும், இவ சீனி போடாம வறுக்கட்டும். இந்த வீட்டுலேருந்து டின்னு எந்த நாட்டுக்குப் போனாலும் எனக்குச் சம்மதம்.

— உம்மா, அவங்க ஒரு கம்பெனியை ஆண்டவங்க. அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது?

— இருக்குறபடி சொல்லு. மாப்பிள்ள வீட்டோட வரணும்னு சொல்லு.

— சொல்லு ஆப்ரின், சொல்லு. நான் கண்ணை மூடிக்கிறேன்.

— சொல்லிட்டேன்.

— என்ன? கோவமா? எந்திரிச்சுட்டாங்களா? வேனுக்குப் போறாங்களா?

— கண்ணைத் திறங்க நானா. சிரிக்கிறாங்க. ‘எங்க தாத்தா எத்தோரேவும் அப்படித்தானே வந்தாரு’ன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க.

— சிரிச்சா போதுமா? பதில் என்ன, கேளு புள்ள.

— கேட்டுட்டேன் உம்மா. மேல் மாடியில ரூம் காலியா இருக்கான்னு கேக்குறாங்க.